கல்வி நிருவாகம் படிப்பது பதவிக்கா, பாடசாலைக்கா?

இலங்கைக் கல்வி நிருவாக சேவைப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு தடவையும் எமது சமூக வலைத்தளங்களில் ஒரே கேள்விதான் எழுகிறது. "எம்மவர்கள் எத்தனை பேர்?" வலயக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அந்தக் கதிரைக்கு யார் வரப்போகிறார் என்று பள்ளிவாசல் முற்றம் வரை பேச்சு அடிபடுகிறது. இரண்டு வாரம் போனால் எல்லோரும் மறந்து விடுகிறோம். அந்தக் கதிரைக்குரிய படிப்பு எது, அதை எங்கே படிப்பது, அது மனிதருக்கு எதைக் கற்றுத் தருகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வந்த ஓர் ஆசிரியை. கிழக்கில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் கற்பிக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் கல்வி முதுமாணிக் கற்கையில் சேர்ந்து கல்வி நிருவாகம் படித்தேன். படிக்கச் செல்லும்போது எனது எண்ணமும் பதவி உயர்வுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் படிப்பின் நடுவில் ஒரு நாள் எனது பாடசாலையின் சேர்வு இடாப்பு எனக்கு வேறு ஒரு பாடத்தைச் சொல்லித் தந்தது. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு விடுகைப் பத்திரம்

சில வருடங்களுக்கு முன்னர் எமது அதிபர் ஓய்வு பெற்றுச் சென்ற பின், புதிய அதிபர் வரும் வரை சில மாதங்கள் நான் பதில் கடமை பார்த்தேன். அப்போது பத்தாம் தரத்தில் படித்த ஒரு மாணவியின் மாமா அலுவலகத்துக்கு வந்தார். "டீச்சர், பிள்ளைய வேற ஸ்கூலுக்குப் போடப் போறம், விடுகைப் பத்திரம் வேணும்" என்றார். தந்தையின் கையொப்பமிட்ட கடிதம் இருந்தது. நூலகப் புத்தகங்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. வகுப்பாசிரியையின் குறிப்பும் இருந்தது. நான் கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். முழுவதும் பத்து நிமிட வேலை.

அன்று நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றே நினைத்தேன். ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. வலயக் காரியாலயத்திலிருந்து யார் வந்து பார்த்தாலும் குறை காண முடியாது. நிருவாகம் என்றால் அதுதான் என்று அக்காலத்தில் நம்பியிருந்தேன். கோவைகள் ஒழுங்காக இருக்க வேண்டும், சுற்றுநிருபத்துக்கு மாறாக எதுவும் நடக்கக் கூடாது, கணக்காய்வு வந்தால் பதில் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மாணவியிடம் பின்னர் வருகிறேன். அதற்கு முன், இத்துறையில் படிக்க விரும்புவோர் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு.

எந்த வழியால் போவது?

ஆசிரியர் கலாசாலையிலோ தேசிய கல்வியியற் கல்லூரியிலோ பயிற்சி பெற்ற ஒருவர் நேரடியாக முதுமாணிக்குச் செல்ல முடியாது. முதலில் ஒரு பட்டம் வேண்டும். சேவையில் இருந்துகொண்டே அதைப் பெறுவதற்குப் பல வழிகள் உள்ளன. பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்கள் ஒரு வழி. 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இன்னொரு வழி. கொழும்புக்கு வெளியே மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை, அனுராதபுரம் ஆகிய இடங்களிலும் அதன் பிராந்திய நிலையங்கள் இருப்பதால், தூர இடத்து ஆசிரியர்களுக்கு, குறிப்பாக ஆசிரியைகளுக்கு, அது பெரும் உதவி. 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான மஹரகம தேசிய கல்வி நிறுவகம் பயிற்றப்பட்ட ஆசிரியர்களுக்குக் கல்விமாணிப் பட்டத்தை வழங்கி வந்துள்ளது. அது பல்கலைக்கழகம் அல்ல. ஆனால் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற அரச நிறுவனம். அதன் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் மீப்பையில் உள்ளது. அதிபர்களுக்கும் கல்வி அதிகாரிகளுக்குமான முகாமைத்துவப் பயிற்சிகள் அங்குதான் நடைபெறுகின்றன.

பட்டம் பெற்ற பின் அநேகமானோர் செய்வது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அதில் கல்வி உளவியல், கல்வித் தத்துவம், அளவீடும் மதிப்பீடும் போன்றவற்றோடு பாடசாலை முகாமைத்துவமும் ஒரு பகுதியாக வரும். அடுத்தது கல்வி முதுமாணி. கல்வி நிருவாகம், கல்வித் திட்டமிடல், தலைமைத்துவம் ஆகியவற்றை ஆழமாகப் படிப்பது இந்தக் கட்டத்தில்தான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள் ஆகியவை இத்துறையில் பட்டப்பின் கற்கைகளை நடத்தும் இடங்கள். எந்த வருடம், எந்த மொழி மூலம், எத்தனை பேர் என்பது ஒவ்வொரு அறிவித்தலுக்கும் மாறும். விண்ணப்பம் கோரப்படும்போது தமிழ் மொழி மூலம் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுங்கள்.

முதுமாணி என்ற பெயரில் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. பட்டப்பின் டிப்ளோமா 8 ஆம் மட்டம். அதற்குக் குறைந்தது 25 கிரெடிட் வேண்டும். பாடநெறிகளை மட்டும் கொண்ட முதுமாணி 9 ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10 ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். அப்படியானால் 30 கிரெடிட் என்பது 1500 மணித்தியாலம். வாரத்துக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கினாலும் 100 வாரங்கள் ஆகும். "சனி, ஞாயிறு போய் வந்தால் சரி" என்று நினைத்துச் சேர்வோர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி முதற்பட்டம் இலவசம். பட்டப்பின் கற்கைகளுக்குக் கட்டணம் உண்டு. விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களில் சேர்வோர், அப்பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா, உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பு அதை ஏற்றுக்கொள்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் வருந்தியவர்களை நான் அறிவேன்.

பட்டம் வேறு, சேவை வேறு

எம்மில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. கல்வி முதுமாணிப் பட்டம் பெற்றவுடன் எவரும் பணிப்பாளராகி விடுவதில்லை. இலங்கை ஆசிரியர் சேவை, இலங்கை அதிபர் சேவை, இலங்கை ஆசிரியர் கல்வியியலாளர் சேவை, இலங்கைக் கல்வி நிருவாக சேவை என்பன தனித்தனிச் சேவைகள். ஒவ்வொன்றுக்கும் தனியான பிரமாணக் குறிப்பு உண்டு. கல்வி நிருவாக சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சை மூலமும், ஏற்கெனவே சேவையில் உள்ளோருக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை மூலமும் ஆட்சேர்ப்பு நடைபெறுகிறது. தகைமை, வயது, சேவைக்காலம் ஆகியவை வர்த்தமானி அறிவித்தலில்தான் இருக்கும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. எத்தனை ஆசிரியர் அறைகளில் அதை வாசிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி கடந்த பின்னரே செய்தி கேள்விப்படும் வழக்கம் எம்மிடம் இன்னும் போகவில்லை.

அப்படியானால் படிப்பு எதற்கு? பட்டப்பின் தகைமை பதவி உயர்வுகளுக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் பெரிய பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

வகுப்பறையில் கிடைத்தவை

முதல் தவணையில் பெயர்களின் அணிவகுப்பு வந்தது. பிரான்சில் சுரங்கக் கம்பனி ஒன்றை நடத்திய ஹென்றி ஃபயோல் 1916 இல் எழுதிய 14 முகாமைத்துவத் தத்துவங்கள். முகாமையாளரின் வேலையைத் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆளணி, நெறிப்படுத்தல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடல், பாதீடு என ஏழாகப் பிரித்த லூதர் குலிக். மனிதன் சோம்பேறி என்று நம்பும் தலைவரையும், மனிதன் பொறுப்பை விரும்புபவன் என்று நம்பும் தலைவரையும் 1960 இல் எக்ஸ், வை என இரண்டாகப் பிரித்துக் காட்டிய டக்ளஸ் மெக்ரிகர்.

சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் எழுதியவை எமது பாடசாலைக்கு எதற்கு என்று நானும் அலுத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகப் பொருந்தி வரத் தொடங்கின. ஃபயோலின் தத்துவங்களில் ஒன்று, ஓர் ஊழியருக்கு ஒருவரே கட்டளையிட வேண்டும் என்பது. எமது பாடசாலைகளில் ஓர் ஆசிரியைக்கு அதிபர் ஒன்று சொல்கிறார், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒன்று சொல்கிறார், பழைய மாணவர் சங்கத்தினர் ஒன்று சொல்கிறார், சில ஊர்களில் அரசியல்வாதியின் இணைப்பாளரும் ஒன்று சொல்கிறார். அந்த ஆசிரியை கடைசியில் எதையும் செய்யாமல் இருப்பதற்கு அவரது சோம்பல் மட்டும் காரணமல்ல. மெக்ரிகரைப் படித்தபோது, கையொப்பப் புத்தகத்தில் காலை 7.30 க்குச் சிவப்புக் கோடு போடுவதையே தனது முழு வேலையாகக் கொண்ட அதிபர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

சட்டப் பாடமும் இருந்தது. பிரித்தானியர் காலத்து 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் எமது பாடசாலைகளின் சட்ட அடிப்படை என்பதை அங்குதான் அறிந்தேன். அதன் கீழ் 2016 இல் வெளியான ஒழுங்குவிதி, 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை கட்டாயம் கல்வி பெற வேண்டும் என்கிறது. அதற்கு முன்னர் எல்லை 14 ஆக இருந்தது. தாபனக் கோவை, நிதிப் பிரமாணங்கள் என்று அலுவலகத்தில் பெயர் மட்டும் கேட்டவற்றை வரி வரியாகப் படித்தோம்.

இடாப்பு சொன்ன கதை

இரண்டாம் வருடத்தில் கல்வித் திட்டமிடல் பாடத்துக்கு ஓர் ஒப்படை தந்தார்கள். ஒரே வருடத்தில் உங்கள் பாடசாலையில் ஆறாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளை ஒரு குழுவாக எடுங்கள். வருடத்துக்கு வருடம் அவர்களைப் பின்தொடருங்கள். அவர்களில் எத்தனை பேர் உரிய வருடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள் என்று எண்ணுங்கள். இவ்வளவுதான் வேலை.

சேர்வு இடாப்பையும் வரவு இடாப்புகளையும் பரீட்சை விண்ணப்பப் பட்டியலையும் மேசையில் பரப்பிக்கொண்டு மூன்று நாட்கள் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஒருவர், இருவர் என்று குறைந்துகொண்டே வந்தார்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது எந்த வருடமும் பெரிய குறைவாகத் தெரியவில்லை. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது 11 பெயர்கள் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தன. நாங்கள் ஒவ்வொரு வருடமும் "சாதாரண தரத்தில் இத்தனை வீதம் சித்தி" என்று பதாகை கட்டுகிறோமே, அந்த வீதத்தில் இந்த 11 பேரும் இல்லை. பரீட்சைக்கு அமராதவர்களை எந்த வீதமும் கணக்கெடுப்பதில்லை.

11 பேரில் எத்தனை பேர் உண்மையில் வேறு பாடசாலைக்குப் போனார்கள் என்று தேடினேன். புதிய பாடசாலையில் சேர்ந்திருந்தால், அந்தப் பாடசாலை எமக்கு எழுதி ஆவணங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஐந்து பேருக்கு அப்படி எந்தக் கடிதமும் இல்லை. அந்த ஐந்து பேரில் ஒருவர், நான் விடுகைப் பத்திரம் கொடுத்த அந்த மாணவி.

அவளது வீட்டுக்குப் போனேன். வாப்பா வெளியில் வந்து, "வீட்டோட இருக்கட்டும் எண்டு விட்டுட்டம் டீச்சர், தையல் பழகுறா" என்றார். மரியாதையான மனிதர். தேநீர் தந்து அனுப்பினார். அவள் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். "டீச்சர், அண்டைக்கு நீங்க ஏன் எண்டு என்னட்ட ஒண்டும் கேக்கல்லயே" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பத்திரத்தில் நான் கையொப்பமிட்ட நாளில் அவளுக்கு வயது 15. சட்டம் அவளது பக்கம் இருந்தது. பாடசாலை வரவுக் குழு என்ற ஒன்றுக்கு அறிவித்திருக்கலாம். தாயை அழைத்துப் பேசியிருக்கலாம். எதையும் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் எனக்கு மனமில்லாமை அல்ல. எனக்குத் தெரியாது. கலாசாலையில் பாடம் நடத்தக் கற்றுத் தந்தார்கள். ஒரு பாடசாலையைப் பொறுப்பேற்பது எப்படி என்று எவரும் கற்றுத் தரவில்லை. நானும் படிக்காமலேயே அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன்.

இப்போது எமது பாடசாலையில் ஒரு நடைமுறை உண்டு. விடுகைப் பத்திரம் கேட்டு வருபவர் பெற்றோராக இருக்க வேண்டும். பிள்ளையும் கூட வர வேண்டும். பிள்ளையிடம் தனியாக ஓர் ஆசிரியை பேசுவார். போகும் பாடசாலையின் பெயர் எழுதப்படும். இரண்டு வாரத்தில் அந்தப் பாடசாலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இதற்குப் பணமோ கட்டடமோ தேவைப்படவில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதுமாக இருந்தது. இந்த நடைமுறையால் வீட்டில் நின்றுவிடவிருந்த இரண்டு பிள்ளைகள் இன்றும் வகுப்பில் இருக்கிறார்கள். முதல் மாணவியை மட்டும் எங்களால் மீட்க முடியவில்லை.

தடைகளும் எமது பொறுப்பும்

இப்படிப்பை முடிப்பது இலகு என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனிக்கிழமை விடியும்போது கொழும்பு. ஞாயிறு மாலை திரும்ப ஏறினால் திங்கள் காலை நேராகப் பாடசாலை. எமது பாடசாலைகளின் தவணை நாட்காட்டி வேறு என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏனைய பாடசாலைகளுக்கு விடுமுறை விடும் காலத்தில் பல்கலைக்கழகம் தொடர் வகுப்புகளை வைக்கும்போது எமக்குப் பாடசாலை நடக்கும். எமக்கு நோன்பு விடுமுறை கிடைக்கும்போது அங்கே வழமையான வகுப்பும் சில வேளை பரீட்சையும் இருக்கும். நோன்போடு பயணம் செய்து பரீட்சை எழுதிய நாட்கள் எனக்கும் உண்டு.

ஆசிரியைகளுக்கு இவற்றோடு மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. எமது பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளைப் பார்த்தால் பெண்களே அதிகம். அதிபர் அறையைப் பார்த்தால் நிலைமை வேறு. "இந்த வயதில் படித்து என்ன செய்யப் போகிறீர்கள்?", "பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்ற கேள்விகள் ஆண் ஆசிரியரிடம் கேட்கப்படுவதில்லை. எனது கணவரும் மாமியும் இரண்டு வருடம் அடுப்படியைப் பொறுப்பேற்காவிட்டால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

இங்கே ஒருவரை நினைவுபடுத்த வேண்டும். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்முனையில் நிருவாகப் பொறுப்பு வகித்தவர். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஆரம்பித்து, வசதியற்ற மாணவர்கள் படிக்க வழி செய்தார். 1948 இல் சிவில் சேவையையே விட்டு விலகி கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். நாம் இன்று அதிபர் கதிரையிலிருந்து பணிப்பாளர் கதிரைக்குப் போவதை உயர்வு என்கிறோம். அவர் மறுபக்கமாக நடந்து வந்தார். நிருவாகத்தில் கற்றதை ஒரு பாடசாலைக்குக் கொண்டு வருவதைத் தாழ்வாக அவர் கருதவில்லை.

அவர் மாணவர்களுக்குச் செய்ததை நாம் எமது ஆசிரியர்களுக்குச் சிறிய அளவில் செய்யலாம். ஊருக்கு வருடத்துக்கு இரண்டு ஆசிரியர்களுக்காவது பட்டப்பின் கற்கைக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பள்ளிவாசல் நிருவாகமோ பழைய மாணவர் சங்கமோ வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிகள் இல்லாத ஊர் குறைவு. மாதம் ஒரு தடவை அவர்களை அழைத்துப் போட்டிப் பரீட்சைக்கான வழிகாட்டல் வகுப்பு நடத்தலாம். வர்த்தமானி அறிவித்தல்களைத் தமிழில் சுருக்கி ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போடுவதற்கு ஓர் இளைஞர் போதும். கட்டடத் திறப்பு விழாவுக்குச் செலவிடும் தொகையில் இவை எல்லாவற்றையும் செய்து முடிக்கலாம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், நாளை பாடசாலைக்குப் போனதும் சேர்வு இடாப்பை எடுங்கள். ஐந்து வருடங்களுக்கு முன் ஆறாம் தரத்தில் சேர்ந்த பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். இன்று வகுப்பில் இருப்பவர்களின் பெயர்களுக்கு நேரே சரி போடுங்கள். சரி விழாத பெயர்கள் எத்தனை என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஏன் என்ற காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே நல்ல நிருவாகிதான். தெரியாவிட்டால், நீங்கள் படிக்க வேண்டிய பாடம் எதுவென்று அந்தத் தாளே சொல்லும்.

"எம்மவர்கள் எத்தனை பேர்?" என்ற கேள்வியை அடுத்த பெறுபேறு வரும்போதும் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அதே கேள்வியை எமது வகுப்பறைகளிலிருந்து காணாமல் போன பிள்ளைகளைப் பற்றியும் கேட்கப் பழகினால், இன்ஷா அல்லாஹ், இரண்டு எண்ணிக்கையும் மாறும்.